குடிக்காமல் தள்ளாடியவர்

கல்யாணமான புதிதில், மத்தியானச் சாப்பாடு முடிந்து என் வீட்டுக்காரர் கட்டிலில் கண்ணயர்ந்ததும், நான் பூனை மாதிரி பக்கத்தில் போய் அவர் வாயை மோந்து பார்ப்பேன்.

ஆசையில் செய்த காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கள் வாடை அடிக்கிறதா என்று பார்க்கத்தான்.

எனக்குக் கட்டி வைத்தது ஒரு குடிகாரரை. அது எனக்கும் தெரியும், என் அப்பாவுக்கும் தெரியும், பந்தியில் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் தெரியும். மணவறைக்கு வரும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் வந்தார். முகூர்த்தத்தன்றுகூட விடவில்லை பார் என்று என் சித்தி காதருகில் முணுமுணுத்தாள்.

வாடை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்பா கள்ளுக்கடைக் குத்தகைக்காரர். மலையாள நாட்டுச் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்கடையை ஷாப்பு என்போம். கிழக்கே தமிழ்நாட்டு எல்லை வரை நாலைந்து ஷாப்புகள் அப்பா பேரில் ஓடின. காலையில் இறக்கியது, சாயங்காலம் இறக்கியது, முந்தாநாள் புளித்தது என்று வீட்டுக்கு வந்துபோகிற ஆட்களின் மூச்சை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரரின் வாயிலோ பல்பொடி வாடையும் மோர்ச்சோற்று வாடையும் தவிர ஒன்றும் இல்லை. எழுந்து நடந்தால் மட்டும் தள்ளாட்டம். நடையைப் பார்த்தால் ஒரு குடம், வாயை மோந்தால் ஒரு சொட்டுக்கூட இல்லை. இந்த மனுஷன் எங்கேதான் குடிக்கிறார், எதைத்தான் குடிக்கிறார் என்று எனக்கு மண்டை காய்ந்தது.

அவர் பெயரைப் போடலாமா என்று இதை வெளியிடுகிற பத்திரிகையில் கேட்டார்கள். இத்தனை வருஷமாகச் சொல்லாத பெயரை இந்த வயதில் சொல்லிப் பழக என்னால் ஆகாது. வீட்டுக்காரர் என்றே இருக்கட்டும்.

பொருத்தம் பார்த்த கதை

எனக்கு மாப்பிள்ளை அமையாததற்குக் காரணம் நான் இல்லை, ஷாப்பு. சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவருக்குப் பேசினார்கள். பெண் பார்த்துப் பஜ்ஜி தின்று, பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். மலையேறிப் போன பிறகு யாரோ ஷாப்பு விஷயத்தைச் சொல்லிவிட, அத்தோடு சரி. அந்தக் கணக்குப்பிள்ளை எங்கள் வீட்டில் தின்ற பஜ்ஜிக்காவது ஒரு கடுதாசி போட்டிருக்கலாம் என்று அம்மா ரொம்ப நாள் புலம்பினாள்.

அப்புறம் வந்தது இந்த இடம். வாய்க்கால் பாசனத்தில் வயல், கிணறு, பம்ப்செட், ஒரே பையன், மாமனார் இல்லை. கல்யாணத் தரகர் யோக்கியமானவர். பையன் கொஞ்சம் தண்ணி போடுவான், மற்றபடி தங்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அப்பா அசரவில்லை. அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, வீட்டுக்குள் கள் கொண்டுவர விட்டதும் இல்லை. ஆனால் குடிகாரர்களோடு அவருக்கு இருந்த பழக்கம் எந்த டாக்டருக்கும் இருந்திருக்காது. ஷாப்புக்காரன் மகளுக்குக் குடிகார மாப்பிள்ளை, இதில் யார் யாரைக் குறை சொல்ல முடியும் என்பது அவர் கணக்கு. ஒன்றே ஒன்றை மட்டும் துருவிக் கேட்டார்.

"வேற சீக்கு கீக்கு ஏதாச்சும் உண்டுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. குடி ஒண்ணுதானுங்க" என்றார் என் மாமியார்.

பெற்ற மகனைப் பற்றி இவ்வளவு தெம்பாக ஒரு தாய் இப்படிச் சொல்வதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. என்னை அனுப்பும்போது அப்பா தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். குடிக்கிறவன் காலையில் நல்லவன், எது கேட்பதானாலும் காலையில் கேள் என்றார். கட்டிக்கொண்டு போகும் பெண்ணுக்கு அதுதான் அவர் கொடுத்த உபதேசம்.

களத்தில் விழுந்தவர்

அறுப்பு முடிந்து களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. காலை வெயில். அவர் காலால் நெல்லைக் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருந்தார். திடீரென்று நின்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியே விழுந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. வாயில் நுரை.

மாமியார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடிவந்தார். அதை மகன் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் என்னைத் திரும்பிப் பார்த்து, பய நேற்று அதிகமாகக் குடித்துவிட்டான் என்றார்.

குடித்து விழுகிறவர்களை நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பார்க்கிறேன். குடிகாரன் விழும்போது கையை ஊன்றுவான். யாரையாவது திட்டுவான். எழுந்ததும், தான் விழவே இல்லை என்று சாதிப்பான். இவர் வெட்டிய மரமாக விழுந்திருந்தார். எனக்குப் பயத்தோடு கோபமும் வந்தது.

"அத்தை, எங்கப்பன் ஷாப்பு நடத்தறாருங்க. என்கிட்டயேங்களா?" என்றேன்.

மாமியார் நெல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதார். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே வலிப்பு. உள்ளூர் டாக்டர் அபஸ்மாரம் என்று மலையாளத்தில் பெயர் சொல்லி முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார், பீனோபார்பிட்டோன். அதற்கு அடங்கவில்லை. கூடவே பெனிட்டாயின் என்று இன்னொன்று சேர்த்தார். வலிப்பு வரவர அளவைக் கூட்டிக்கொண்டே போனார். வலிப்பு நிற்கவில்லை, கால்தான் நிற்காமல் போனது. ஈறு வீங்கியது, நடை தள்ளாடியது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

தள்ளாட்டத்தைப் பார்த்த ஊர், பையன் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்றது. மாமியார் முதலில் சண்டைக்குப் போகத்தான் கிளம்பினாராம். வாசல் தாண்டுவதற்குள் யோசனை வந்திருக்கிறது. வலிப்பு என்றால் எவனும் பெண் தரமாட்டான், குடி என்றால் தருவான். திரும்பி உள்ளே வந்துவிட்டார். அன்றிலிருந்து மாத்திரை டப்பா வடகத் தூக்குக்கு அடியில் போய்விட்டது.

என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. துணி மூட்டையைக் கட்டினேன். அதற்குள் அவருக்குத் தெளிந்திருந்தது. கடித்துக்கொண்ட நாக்கோடு, தடுக்கித் தடுக்கிப் பேசினார். ஊட்டுக்குப் போறதானால் போ, உன் மேல் தப்பில்லை, நானே வண்டி கட்டுகிறேன் என்றார்.

வண்டி கட்டப் போனவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தொழுவத்தில் அப்படியே நின்றார். என்ன என்று கேட்டேன்.

"நாலு மாடு நிக்குது புள்ள. எதைப் புடிக்கறதுன்னு தெரியல."

அங்கே நின்றது இரண்டுதான். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மூட்டையை அவிழ்த்து வைத்தேன். பாவப்பட்டு இருந்துவிட்டேன் என்று சிலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது.

செக்போஸ்டில் ஒரு தகராறு

இனித் தன் கையில் மருந்து இல்லை என்று உள்ளூர் டாக்டரே சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாமியார், அவர், நான் மூன்று பேரும் வேலந்தாவளம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். ஏறின பிறகுதான் பின் சீட்டில் எங்கள் ஊர் மாட்டுத் தரகர் இருப்பதைப் பார்த்தோம். அவர் காதுக்குப் போனால் நாலு சந்தைக்குப் போன மாதிரி.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். அங்கிருப்பவர்கள் எல்லை தாண்டி வந்து எங்கள் ஷாப்புகளில் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஏறினார். எல்லோரையும் இறங்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் படியில் இறங்கிய அழகைப் பார்த்ததுமே தோளில் கை வைத்துவிட்டார்.

இவர் குடிக்கவில்லை, வேண்டுமானால் மோந்து பாருங்கள் என்றேன். போலீஸ்காரர் மோந்தார். மறுபடி மோந்தார். ஊதச் சொல்லி மோந்தார். வாடையே இல்லை, போய் ஏறுங்க என்றார்.

அதோடு போயிருக்க வேண்டியது. மாட்டுத் தரகர் பக்கத்தில் வந்து, குடிக்கலைன்னா பின்னே ஏன் இந்தத் தள்ளாட்டம் என்று கேட்டுவிட்டார். மாமியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"குடிச்சிருக்கறானுங்க சார். நல்லா மோந்து பாருங்க" என்றார் போலீஸ்காரரிடம்.

இல்லைம்மா என்றார் அவர். இருக்குதுங்க என்றார் மாமியார். இத்தனை வருஷ சர்வீஸில் தனக்குத் தெரியாத வாடையா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பெற்ற தாய்க்குத் தெரியாததா என்று இவர் விடவில்லை. குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களையே பார்த்துப் பழகிய மனுஷன், குடித்திருக்கிறான் என்று மல்லுக்கட்டும் தாயை அன்றுதான் பார்த்திருப்பார். கடைசியில் டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்ததால் எங்களை விட்டார்.

என் வீட்டுக்காரர் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

திரைக்கு அந்தப் பக்கம்

மாட்டுத் தரகருக்கும் காலில் நரம்பு இழுத்ததாம். அவரும் அதே டாக்டரிடம்தான் வந்தார். டாக்டர் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரைதான். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெஞ்சில் தரகர்.

மாமியார் டாக்டர் மேஜை மேல் கவிழ்ந்து, வலிப்புங்க என்று ரகசியமாகச் சொன்னார். டாக்டர் கண்ணாடி போட்ட நிதானமான மனுஷர். பழைய மாத்திரைகளைப் பார்த்தார். நடக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். இவர் காதைத் தொட்டார்.

இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்பு சிலருக்கு உண்டு, அதற்குக் கார்பமசெப்பின் என்று வேறொரு மருந்து இருக்கிறது, அதைத் துளித் துளியாகக் கூட்டிப் பழையதைத் துளித் துளியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கேட்டார், குடிப்பழக்கம் உண்டா?

"உண்டுங்க. ரொம்பக் குடிப்பானுங்க" என்றார் மாமியார், பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். இந்தத் தள்ளாட்டம் மருந்தாலா குடியாலா என்று தெரியாமல் எதையும் மாற்ற முடியாது, குடியே வலிப்பைக் கொண்டுவரும், இந்த மருந்தும் கள்ளும் சேர்ந்தால் ஆபத்து என்றார். குடியை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

இவர் குடிக்கவே மாட்டாருங்க என்று நான் சொன்னேன். மாமியார் என் தொடையில் கிள்ளினார். டாக்டர் என்னைப் பார்த்துப் பரிவாகத்தான் சிரித்தார்.

"எல்லாப் பொண்டாட்டியும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க."

நீங்களாவது சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், திரையைப் பார்த்தார், தாயின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். குடிக்காத மனுஷன் குடியை நிறுத்தப் போவதாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம்.

கிணற்று மேட்டில்

அவர் பம்ப்செட்டை ஓடவிடக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. நான் கொத்தமல்லி பறித்துக்கொண்டிருந்தேன். குடம் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினால், அவர் கிணற்று விளிம்பில் விழுந்து இழுத்துக்கொண்டிருக்கிறார். தலை கிணற்றுக்குள் தொங்குகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் உடம்பு உள்ளே உள்ளே நகர்கிறது. ஓடிப்போய் இரண்டு காலையும் கட்டிப் பிடித்து அவர் மேலேயே விழுந்தேன். அன்று எனக்கு வந்த பயம் அதற்கப்புறம் எதற்கும் வந்ததில்லை.

என் கூச்சல் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடிவந்து எங்களை இழுத்துப் போட்டார்கள். காலங்காத்தாலேயே போட்டுவிட்டானா என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஷாப்புக்காரர் மகளாக இருந்தும் ஒரு குடிகாரனைத் திருத்தத் துப்பில்லையே என்று என்னைத் திட்டிவிட்டும் போனார்கள்.

அன்று மத்தியானமே அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அப்பாவின் கோபம்

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அதற்குச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு குலுங்குகிறது. அன்று சிரிக்க முடியவில்லை.

"குடிகாரன்னு நம்பித்தான அம்மிணி உன்னையக் குடுத்தேன்."

ஊரைக் கூட்டி நியாயம் கேட்கப் போவதாகக் குதித்தார். எப்படிக் கேட்பீர்கள் என்றேன். மாப்பிள்ளை குடிப்பதில்லை, எனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்றா? மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார் போல, உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தொழில் புத்தி தலைதூக்கியது. நெஜமாகவே ஒரு சொட்டுக்கூட இல்லையா என்று கேட்டார். அவரால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு ஷாப்பிலும் விசாரித்து வந்தார். இந்த ஷாப்பு ஆள், மாப்பிள்ளை அந்த ஷாப்பில் குடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். அந்த ஷாப்பு ஆள் இந்த ஷாப்பில் என்று நினைத்திருந்தான். முதலாளி மாப்பிள்ளையைப் பற்றி முதலாளியிடம் கேட்பதற்கு எல்லோருக்கும் கூச்சம். இத்தனை காலமும் மாப்பிள்ளைக்கு ஒருவனும் ஒரு குவளை ஊற்றியதில்லை.

அப்பா திரும்பி வந்து, நீ இங்கேயே இரு, போக வேண்டாம் என்றார். வலிப்புக்காரனோடு உன்னை விட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்காது என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"இருக்கறனுங்கப்பா. அதுக்கு முன்னால கோயமுத்தூருக்கு வந்து அந்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மருந்து கெடைக்கட்டும். பொறவு நீங்க சொன்னபடி கேக்கறேன்" என்றேன்.

அந்த மருந்து என்ன செய்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், சிலர் பொறுமை இல்லாமல் கடைசிப் பத்தியைப் பார்ப்பார்கள். வலிப்பு அடியோடு போகவில்லை. மாதத்துக்கு எத்தனையோ என்று இருந்தது, வருஷத்துக்கு எப்போதாவது என்று ஆனது. பெனிட்டாயினைக் குறைக்கக் குறைக்கத் தள்ளாட்டம் நின்று, மாடு இரண்டாகவே தெரிய ஆரம்பித்தது. இன்றைக்கும் காலையும் மாலையும் மாத்திரை உண்டு. டப்பா சாப்பாட்டு மேஜை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. அப்பாவும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை.

சாட்சி

அதே பச்சைத் திரை. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றார். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் டாக்டர் முன்னால் கைகட்டி நின்றார்.

நீங்கள் யார், இவர் குடிப்பதில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"நான் ஷாப்புக்காரனுங்க. எங்க சுத்துப்பட்டுல குடிக்கறதுன்னா என்ற ஷாப்புலதானுங்க குடிக்கோணும். இவரு குடிச்சதில்லீங்க."

டாக்டர் சாதாரணமாகச் சிரிக்கிறவர் இல்லை. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கள் விற்கிறவரே கையெழுத்துப் போடாத குறையாகச் சொன்ன பிறகு தனக்கு என்ன சந்தேகம் என்று பேனாவைத் திறந்தார்.

அப்பாவுக்குச் சின்னக் குரல் கிடையாது. நாலு ஷாப்பு ஆட்களை விரட்டி வேலை வாங்கிய தொண்டை. வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது. மாமியார், மெதுவா பேசுங்க என்று சைகை காட்டினார். அப்பா அதைக் கவனிக்கவில்லை.

"வலிப்புத்தானுங்க டாக்டர். என்ற மாப்பிள்ளை குடிகாரன் இல்லீங்க."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். வலிப்பு என்று சொல்வதா குடி என்று சொல்வதா என்று மாமியார் யோசித்திருக்கிறார், நான் யோசித்திருக்கிறேன், அப்பா யோசித்திருக்கிறார். உனக்கு எது தேவலை என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிய, அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க மாமா."

அப்பா திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, பெஞ்சைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.